டத்தோவின் டபுள் சிக்னல்

எங்கள் கிளப்பின் பெயரில் 'பாரம்பரியம்' என்று ஒரு சொல் இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேருக்குச் சொந்த வண்டியின் பானெட்டைத் திறக்கத் தெரியாது.

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் நான் இருந்தேன். வேறு வழியில்லை.

ஈப்போ பக்கம், ஒரு பழைய ஈய ஆலைத் திடலில், வருடத்துக்கு ஒரு முறை பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். அங்கே 'தொடாத வண்டி' என்று ஒரு போட்டிப் பிரிவு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என்ன பெயின்ட் இருந்ததோ அதே பெயின்ட், அதே சீட், அதே திருகாணி. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. எழுபத்து நான்காம் வருடத்து ஜப்பான் செடான், கடுகு மஞ்சள். பத்தொன்பது வருடமாக வைத்திருக்கிறேன். "ஒரு கோட் பெயின்ட் அடிச்சா பளபளன்னு இருக்கும்லா அக்கா" என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் ஷா ஆலமில் இல்லை. அடிக்கவில்லை.

தனி ஆளாகப் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கிளப் மூலமாகத்தான் பதிய முடியும். அந்தக் கிளப் குறைந்தது பத்து வண்டிகளோடு, ஒரே வரிசையாக, காலை பதினோரு மணிக்குள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். போன வருடம் நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. வழியில் தலைவர் ட்ரோன் பறக்கவிட்டார். ட்ரோன் மழைமரத்தில் மாட்டியது. அதை இறக்க நாற்பது நிமிடம்.

இந்த வருடத்தோடு அந்தப் பிரிவையே எடுத்துவிடுகிறார்கள். போட்டிக்கு ஆள் வருவதில்லையாம். ஆக, என் மஞ்சள் வண்டிக்கு இது கடைசி வாய்ப்பு.

என் பெயர் ரொஸ்னிடா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்யும் தவறுக்காக என் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். மனித இனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லாததற்கு அதுதான் காரணம்.

*

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. வழக்கமான மாமாக் சாப்பாட்டுக் கடை. பயணத் திட்டத்துக்கான ஐந்தாவது கூட்டம்.

முதல் மூன்று கூட்டங்கள் டீ-சர்ட் நிறத்துக்குப் போயின. நாலாவது, டீ-சர்ட் முதுகில் தலைவர் பெயர் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு.

தலைவர் டத்தோ ஹில்மான். தரை ஓடு வியாபாரம். சுல்தான்கள் தரும் அந்த 'டத்தோ' பட்டம் எப்போது, எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை, அவராகவும் சொல்வதில்லை. விரல் நுனி இல்லாத தோல் கையுறை போட்டுக்கொண்டுதான் தே தாரிக் டீ குடிப்பார். பக்கத்தில் செயலாளர் ஃபட்லான். டத்தோ இருமினால் இவன் தொண்டையைக் கனைத்துக்கொள்வான்.

"மெரூன். முடிஞ்சுபோச்சு. யாரும் மறுபடி கிளப்பாதீங்க," என்றார் டத்தோ.

"மெரூன்ல டத்தோ தனியாத் தெரிவீங்க," என்றான் ஃபட்லான்.

"இருபது பேரும் மெரூன்தான். அப்புறம் எப்படித் தனியாத் தெரிவாரு?" என்று கேட்டான் ஆ ஹுவாட். கிள்ளானில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அந்தக் கிளப்பில் ஸ்பேனரைச் சரியான பக்கம் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

ஃபட்லான் அவனை முறைத்தான்.

"பாதையைப் பத்திப் பேசலாமா?" என்றேன்.

"பாதை என்ன பெரிய பாதை? நெடுஞ்சாலை. நேரா வடக்கு. மாட்டை விட்டாக்கூடப் போய்ச் சேந்துரும்."

"மாட்டுக்குப் பதினோரு மணிக்குள்ள போகணும்னு கட்டாயமில்ல டத்தோ."

நான் எழுதிக்கொண்டுவந்த தாளை மேசையில் விரித்தேன். சுங்கை பூலோ ஓய்விடத்தில் ஏழு மணிக்குக் கூடுவது. ஏழரைக்குக் கிளம்புவது. தாப்பாவில் இருபது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் இல்லை. சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குவது. பத்தேகாலுக்கு வாசல். நாற்பத்தைந்து நிமிடம் கையில் மிச்சம்.

டத்தோ தாளைத் தொடவில்லை. அதன்மேல் கண்ணாடிக் குவளையை வைத்தார். சிம்பாங் பூலாய்மேல் வட்டமாக ஒரு ஈரம்.

"நல்லது நல்லது. இப்ப முக்கியமான விஷயம். இந்தத் தடவை எல்லா வண்டியும் டபுள் சிக்னல் போட்டுக்கிட்டுத்தான் வரணும். கிளம்பினதுலேர்ந்து இறங்குற வரைக்கும். இருபது வண்டியும் மின்னிக்கிட்டே போகணும். பாக்குறவன் ஒதுங்கணும்."

மேசை முழுக்கத் தலைகள் ஆடின. இந்த நாட்டில் மூன்று வண்டி சேர்ந்து போனாலே நாலு மூலை விளக்கையும் சேர்த்து மின்னவிட்டு ஊர்வலமாக்கிவிடுவார்கள். வண்டி நின்றுபோனால் போட வேண்டியதை, வண்டி ஓடுகிறது என்பதைக் காட்டப் போடுகிறவர்கள்.

"டத்தோ, நாலு விளக்கும் ஒண்ணா மின்னினா இடது வலது சிக்னல் எப்படித் தெரியும்? நீங்க எந்தப் பக்கம் இறங்குறீங்கன்னு பின்னால வர்றவனுக்கு யார் சொல்றது?"

"என் வண்டியைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

"என் மாணவன் பரீட்சையில இப்படிச் செஞ்சா ஃபெயில்."

"நான் உங்க மாணவன் இல்லையே அக்கா," என்றார் டத்தோ. சிரித்தார். ஃபட்லானும் சிரித்தான், அரை விநாடி தாமதமாக.

அடுத்து வரிசை. ஒன்றாம் எண் டத்தோ. அதற்கு ஓட்டெடுப்பு இல்லை. ஆ ஹுவாட் ஒன்பது. பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. என் பெயர் வரவில்லை.

"அக்காவுக்கு ஸ்வீப்பர். இருபதாவது," என்றார் டத்தோ. "பேரிலேயே இருக்குல்ல? பெருக்கிக்கிட்டே வாங்க."

மேசை அதிர்ந்தது. ஆ ஹுவாட் மட்டும் சிரிக்கவில்லை. வாய் நிறைய ரொட்டி சானாய்.

ஒழுங்கான கிளப்புகளில் ஸ்வீப்பர் இடத்தை நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் கொடுப்பார்கள். பின்தங்கியவனைச் சேர்த்துக்கொள்வது, நின்ற வண்டிக்குத் துணை நிற்பது, பின்னால் வரும் லாரியிடமிருந்து வரிசையைக் காப்பது எல்லாம் கடைசி வண்டியின் வேலை. டத்தோவுக்கு இது தெரியாது. வால் என்றால் கேவலம் என்று நினைக்கும் ஆள்.

நான் வாதாடவில்லை. கடைசி இடத்தில் ஒரு வசதி உண்டு. எல்லா முட்டாள்களும் கண்ணெதிரே இருப்பார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குப் பத்தொன்பது வண்டிகள் வந்துவிட்டன. இருபதாவது டத்தோவுடையது. ஏழு ஐம்பதுக்கு வந்தார். கையுறை கிடைக்கவில்லையாம்.

ஃபட்லான் எண் ஸ்டிக்கரோடு வந்தான். பின்புறத்தாளை உரித்து என் வண்டிக் கதவை நோக்கிக் கையை நீட்டினான்.

"அந்தப் பெயின்ட்ல பட்டுச்சுன்னா உன் நெத்தியில ஒட்டிருவேன். கண்ணாடியில ஒட்டு."

கண்ணாடியில் ஒட்டினான். கோணலாக.

மொத்தம் மூன்று வாக்கி-டாக்கி. ஒன்று டத்தோவிடம், ஒன்று நடுவில் இருக்கும் ஆ ஹுவாட்டிடம், ஒன்று என்னிடம்.

எட்டு மணிக்கு வரிசை நகர்ந்தது. இருபது வண்டி, ஒவ்வொன்றிலும் நாலு மூலையிலும் மினுக்கல். பெரிய விபத்து ஒன்று தானாகவே வடக்கு நோக்கி நகர்வது மாதிரி இருந்தது. தாண்டிப்போன லாரிக்காரர் ஒருவர் என்ன ஆபத்தோ என்று பயந்து வேகத்தைக் குறைத்தார். விஷயம் புரிந்ததும் ஹாரனை அழுத்தியபடியே கடந்துபோனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

தாப்பாவில் இருபது நிமிடம் முப்பதானது. டத்தோ படத்துக்காகப் பதினேழு கோணங்களில் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து மணிக்குக் கிளம்பினோம். கணக்குப் போட்டேன். சிம்பாங் பூலாய் பத்து முப்பத்தைந்து. வாசல் பத்து நாற்பத்தைந்து. நடுவில் ஒரு கோமாளித்தனமும் நடக்காமல் இருந்தால் போதும்.

பத்து இருபத்து மூன்று. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அக்கா, முன்னாடி ஆளைக் காணோம்." ஆ ஹுவாட்.

"யாரைக் காணோம்?"

"எட்டாம் நம்பருக்கும் எனக்கும் நடுவுல ஒரு பஸ் பூந்துச்சு. இப்ப பஸ் விலகிருச்சு. அதுக்கு முன்னாடி ரோடு காலி. எட்டு வண்டி ஆவியாப் போயிருச்சு."

நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். கோப்பெங்கில் இறங்கும் வளைவுச் சாலை. அதில் எட்டு வண்டிகள், நாலு மூலையும் மின்ன மின்ன, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

நான் அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன்.

"டத்தோ. டத்தோ, எங்க இறங்குறீங்க?"

பதில் சொன்னவன், டத்தோ வண்டியிலேயே போன ஃபட்லான். "டத்தோ லைவ்ல இருக்காரு அக்கா. கோப்பெங்ல அவர் நண்பர் கடை. லக்சா நூடுல்ஸ். எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸ்."

"திட்டத்துல சிம்பாங் பூலாய்னுதானே இருக்கு?"

"டத்தோ சிக்னல் போட்டாரே."

"எந்தச் சிக்னல்? நாலும்தான் காலையிலேர்ந்து மின்னுது."

மறுமுனையில் வெறும் கரகரப்பு. அந்த மண்டைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக உருண்டு, போய் எங்கோ விழும் நேரம். பிறகு டத்தோவின் குரல்.

"ஸ்வீப்பர் நீங்கதானே? அவங்களை எல்லாம் பெருக்கிக்கிட்டு இங்க வாங்க. லக்சா ஆறிரும்."

நெடுஞ்சாலையில் திரும்ப முடியாது. அடுத்த இறக்கமே சிம்பாங் பூலாய்தான். அங்கே இறங்கி, திரும்பி, கோப்பெங் வந்து, லக்சா தின்று, மறுபடி கிளம்பினால் மணி பன்னிரண்டு. ஒன்பதாம் எண்ணிலிருந்து என்வரை எண்ணினேன். பன்னிரண்டு வண்டிகள். விதி கேட்பது பத்து.

வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

"ஆ ஹுவாட், டபுள் சிக்னலை அணை."

"டத்தோ திட்டுவாரு."

"அவர் வாயில இனிமே லக்சாதான் இருக்கும். அது இறங்குற வரைக்கும் நேரமிருக்கு. அணை. நான் முன்னால வர்றேன்."

அவன் அணைத்தான். பத்தாம் எண் அதைப் பார்த்து அணைத்தது. பதினொன்று பத்தைப் பார்த்தது. நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே கலை, முன்னால் இருப்பவன் செய்வதை அப்படியே செய்வது. அன்றைக்குத்தான் அதனால் முதல் முறையாக ஒரு நன்மை விளைந்தது.

வலது தடத்தில் ஏறினேன். எஞ்சின் முனகியது. பதினொரு வண்டிகளையும் தாண்டி முன்னால் போய்ச் சேர்ந்தேன். சிம்பாங் பூலாய் பலகை தெரிந்ததும் இடது சிக்னல் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் பதினொரு இடது சிக்னல்கள். என் பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஆ ஹுவாட் கூப்பிட்டான். "அக்கா, பதினாலாம் நம்பர் புகையுது. ஓரமா நின்னுட்டாரு. அவர் மச்சான் பதினேழாம் நம்பர், கூட நிக்கிறாரு."

மிச்சம் பத்து. மணி பத்து நாற்பத்து மூன்று.

ஸ்வீப்பர் செய்யக் கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான். நின்ற வண்டியை விட்டுவிட்டுப் போவது.

"நாம போறோம்," என்றேன்.

"சரி," என்றான் ஆ ஹுவாட். 'அக்கா' சேர்க்கவில்லை. அந்த ஒற்றைச் சொல் டத்தோவின் அத்தனை பேச்சையும் விட அதிகமாகச் சுட்டது.

*

பத்து ஐம்பத்து மூன்று. வாசலில் ஓலைத்தொப்பி போட்ட ஒரு சீன மாது, கையில் அட்டையோடு நின்றாள். பேனா நுனியால் ஒவ்வொரு வண்டியாகக் குத்திக் குத்தி எண்ணினாள்.

"பத்து. சரி. போட்டிப் படிவத்துல கிளப் தலைவர், இல்லாட்டி செயலாளர் கையெழுத்து எங்க?"

இரண்டு பேரும் கோப்பெங்கில் லக்சா தின்றுகொண்டிருந்தார்கள்.

"வந்துக்கிட்டிருக்காங்க."

"வாசலுக்குத்தான் பதினொண்ணு. கையெழுத்துக்குப் பன்னண்டு வரைக்கும் பாப்பேன். பன்னண்டுக்கு நடுவர்கள் நடக்க ஆரம்பிச்சுருவாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட வராதீங்க."

பதினொன்று முப்பத்தொன்றுக்கு டத்தோ வந்தார். நடந்து வந்தார். எட்டு வண்டிகளையும் சாலைக்கு அந்தப் பக்கம், பார்வையாளர் நிறுத்துமிடத்தில் விடச் சொல்லிவிட்டாள் தொப்பிக்காரி. வெயிலில் மெரூன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலரில் லக்சா கறை.

"என்னை வெளியே நிக்க வச்சுட்டீங்கல்ல?"

"கையெழுத்து டத்தோ." படிவத்தை நீட்டினேன்.

"ஒரு தலைவன் நடந்து வர்றான். ஸ்வீப்பர் முன்னாடி வந்து உக்காந்திருக்கு. எல்லாரும் பாக்குறாங்க."

"பதினொண்ணு முப்பத்து மூணு டத்தோ."

"போடுறேன். அதுக்கு முன்னாடி கிளப் வாட்ஸ்அப் குரூப்ல எழுதுங்க. காலையில நடந்த குழப்பத்துக்கு நீங்கதான் காரணம்னு. மன்னிப்புக் கேளுங்க. நூத்தி நாப்பது பேரும் படிக்கணும்."

ஆ ஹுவாட் என் காதருகே வந்தான். "எழுதாதீங்க அக்கா. இந்த ஆளுக்கெல்லாம்..."

மஞ்சள் வண்டியைப் பார்த்தேன். பத்தொன்பது வருடம். புத்தி சொன்ன எல்லார் வாயையும் அடைக்கக் காத்திருந்த ஒரு மதியம், இந்தக் கையுறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

ஃபோனை எடுத்துத் தட்டினேன்.

'எல்லாருக்கும் வணக்கம். இன்று காலை நடந்த குழப்பத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். டத்தோவின் உத்தரவுப்படி இருபது வண்டிகளும் டபுள் சிக்னல் போட்டிருந்தோம். அதனால், யாரிடமும் சொல்லாமல் டத்தோ லக்சா சாப்பிடக் கோப்பெங்கில் இறங்கியது எங்களுக்குத் தெரியவில்லை. அவர் மனதில் லக்சா இருப்பதை நான் ஊகித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது. பதினான்காம், பதினேழாம் எண் வண்டிகளைச் சாலையோரத்தில் விட்டுவந்தேன். அதற்கு மட்டும் உண்மையாகவே மன்னிப்பு.'

டத்தோவிடம் காட்டினேன். அவர் கண் திரையில் இரண்டே இடத்தில் நின்றது. 'மன்னிப்பு', 'தவறு என்னுடையது'. நடுவில் இருந்ததைச் சாலையில் பள்ளத்தைத் தாண்டுவது போலத் தாண்டினார்.

"இதைத்தான் எதிர்பாத்தேன். பெரிய மனசு உங்களுக்கு. ஃபட்லான், இதை மேல பின் பண்ணி வை. யாரும் தவறவிடக் கூடாது."

ஃபட்லான் கடைசி வரை படித்தான். அவன் முகம் மாறியது. வாயைத் திறந்தான். ஆறு வருடத்தில் டத்தோவிடம் ஒருமுறைகூட 'வேண்டாம்' என்று சொல்லாதவன். அன்றைக்கும் சொல்லவில்லை. பின் பண்ணினான்.

டத்தோ கையெழுத்துப் போட்டார். கையுறையைக் கழற்றாமல்.

பதினொன்று நாற்பத்தாறுக்குப் படிவம் தொப்பிக்காரியின் அட்டைக்குள் போனது. அதன் பிறகுதான் பதினான்காம் எண்காரரை ஃபோனில் கூப்பிட்டேன். அவர் மச்சான்தான் எடுத்தார். "தண்ணி ஊத்தியாச்சு, வந்துக்கிட்டிருக்கோம்," என்றார் மச்சான். அவர் குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நடுவர்கள் மூன்று பேர். மூத்தவர் பினாங்குக்காரர், கையில் குட்டி டார்ச். பானெட்டுக்குள் தலையை விட்டவர் ஏழு நிமிடம் வெளியே எடுக்கவில்லை. பிறகு கதவடியில் குனிந்தார்.

"பெயின்ட்?"

"தொழிற்சாலையோடது."

"இந்தத் துரு?"

"அது என்னோடது."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு முடிவு. நாலு வண்டியில் எனக்கு இரண்டாம் இடம். முதல் இடம் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரின் வேனுக்கு. போய்ப் பார்த்தேன். சாவிக்கொத்துகூட வேன் வாங்கிய வருடத்தது. அன்று முழுக்க என்னால் இகழ முடியாத ஒரே மனிதர் அவர்தான்.

பரிசுத் தட்டை வாங்கிக்கொண்டு வண்டியருகே வந்தபோது, டத்தோ ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மார்பை விரித்து, ஃபட்லான் பிடித்திருந்த கேமராவுக்கு முகம் காட்டி. அவர் பாக்கெட்டில் ஃபோன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது பேரும் படித்து முடித்திருக்க வேண்டும். ஆ ஹுவாட் சற்றுத் தள்ளி நின்று தன் திரையைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்கபோல," என்றார் டத்தோ, பாக்கெட்டைத் தட்டி. "வாங்க அக்கா, நம்ம வெற்றிக்கு ஒரு படம்."

"எடுக்கலாம் டத்தோ," என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னும் கொஞ்சம். இன்னும். வண்டி மறைக்குது."

அவர் நகர்ந்துகொண்டே போனார். படச் சட்டத்தை விட்டு முழுசாக வெளியே போனதும், எடுக்கச் சொன்னேன்.